தலையணையை எடுத்த பிறகு போன கழுத்துவலி: சாலம்ப சிரசாசனம் கற்ற ஒருவரின் நிகழ்வு ஆய்வு

வயது 43, எடை 64 கிலோ. நாளில் எட்டு மணி நேரம் கணினி முன் உட்கார்ந்து செய்யும் வேலை. இரண்டு ஆண்டுகளாக வாரத்தில் நான்கு நாள் ஆசனப் பயிற்சி செய்பவர். நின்று செய்யும் ஆசனங்கள் அவருக்கு நன்றாகவே வரும். சிரசாசனத்தை மட்டும் காணொளிகளைப் பார்த்து, சுவரோரம், தாமாகவே மூன்று வாரம் முயன்றிருக்கிறார். வலக்காலை வீசி எழும்பி, குதிகால் சுவரில் படப் பதினைந்து, இருபது விநாடி நிற்கவும் செய்திருக்கிறார். ஆக, "ஏறத் தெரியவில்லை" என்பது அவர் குறையே அல்ல.

இரண்டாவது வாரம் பிடரியின் வலப்பக்கம் வலி தொடங்கியது. பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்தில் ஆரம்பித்து மறுநாள் மாலைவரை நிற்கும். இரு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவே ஒரு கனம். வலி வந்ததும் அவர் செய்தது பெரும்பாலோர் செய்வதுதான்: தலைக்குக் கீழே ஒரு தடித்த தலையணை. வலி குறையவில்லை, கூடியது. மென்மையாக வைத்தும் ஏன் கூடுகிறது என்ற கேள்வியோடுதான் அவர் எங்களிடம் பயிற்சிக்கு வந்தார். அந்தக் கேள்விக்கான விடையில்தான் இந்த ஆசனத்தின் சூட்சுமமே இருக்கிறது.

முதலில் மருத்துவர்

வலியுடன் வந்தவரை உடனே தலைகீழாக நிறுத்திப் பார்ப்பது தவறு. கைகளில் மதமதப்பு, பிடி தளர்தல், வலி தோளைத் தாண்டிக் கைக்கு இறங்குதல் ஆகிய மூன்றும் நரம்பு அழுந்துவதைக் காட்டக்கூடியவை. இவருக்கு மூன்றும் இல்லை. ஆனாலும் மருத்துவர் பார்த்து, கழுத்தில் வட்டுக் (எலும்புகளுக்கு இடையே மெத்தை போலிருக்கும் தட்டு) கோளாறுக்கான அடையாளம் இல்லை என்று சொன்ன பிறகே பயிற்சி தொடங்கியது. இரத்த அழுத்தம் இயல்பு.

கண் பரிசோதனையும் கேட்கப்பட்டது, ஏனெனில் அவருக்குக் கிட்டப்பார்வை உண்டு. சிரசாசனத்தில் நிற்கும்போது கண்ணின் உள் அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்பதைச் சென்னை சங்கர நேத்ராலயாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2006-இல் பயிற்சியாளர்களிடம் அளந்தே காட்டியிருக்கிறார்கள். ஆரோக்கியமான கண் இதைத் தாங்கிக்கொள்ளும். இறங்கியதும் அழுத்தமும் இறங்கிவிடும். கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்கள், விழித்திரை விலகியவர்கள், நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள், மிகக் கடுமையான கிட்டப்பார்வை உள்ளவர்கள் இந்த ஆசனத்தைத் தவிர்க்க வேண்டும். கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், இதய நோய், முன்பு பக்கவாதம் வந்தது, எலும்புத் தேய்மானம், கழுத்து வட்டு பிதுங்கியது, காதில் தொற்று, வயிற்று அமிலம் மேலேறும் தொல்லை ஆகியவையும் அதே பட்டியலில்தான். கர்ப்ப காலத்தில் புதிதாகக் கற்கத் தொடங்கக் கூடாது. மாதவிடாய் நாட்களில் தலைகீழ் ஆசனங்களை விடுவது மரபு. இவரும் அப்படியே விட்டார்.

வலி முற்றிலும் அடங்க இரண்டு வாரம் காத்திருந்தோம்.

கழுத்து எங்கே மாட்டிக்கொண்டது

ஆலம்பம் என்றால் பற்றுக்கோடு. 'ச' சேர்ந்து சாலம்பம், அதாவது ஆதாரத்துடன் கூடியது. அந்த ஆதாரம் சுவரல்ல, தலையணையும் அல்ல. இரு முன்கைகளும் கோத்த விரல்களும் சேர்ந்த முக்கோணம்தான் ஆதாரம். பெயரிலேயே சொல்லிவிட்டார்கள், ஆனால் 'சிரசு' என்ற சொல் காதில் விழுந்த வேகத்தில் முன்னால் இருக்கும் சொல் மறைந்துவிடுகிறது.

அனுபவமுள்ளவர்களிடம் ஆய்வகத்தில் அளந்தபோது உடல் எடையில் 40 முதல் 48 விழுக்காடு வரை உச்சந்தலையில் இறங்குவது தெரிந்தது. இவருக்குக் கணக்கிட்டால் சுமார் 26 முதல் 31 கிலோ. தலையின் சொந்த எடை 5 கிலோ அளவு. 5 கிலோவை அன்றாடம் சுமக்கும் ஏழு கழுத்து எலும்புகள் மேல் அதைப்போல் ஐந்து, ஆறு மடங்கு வந்து உட்காருகிறது. அதுவும் நன்றாகச் செய்பவர்களுக்கு. கழுத்து நேராக, தன் இயல்பான முன்வளைவோடு இருந்தால் சுமை எலும்பிலிருந்து எலும்புக்குச் செங்குத்தாக இறங்கும். தாடை நெஞ்சை நோக்கி மடங்கினால் அந்த வளைவு தட்டையாகி, வட்டுகளின் முன்பக்கம் நெருக்கப்படும். தாடை மேலே தூக்கினால் எலும்புகளின் பின்மூட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று இடிக்கும். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சுமை கூடுவதைவிடச் சுமை கோணலாக இறங்குவதே கெடுதல்.

முதல் நாள் அவரைத் தலைகீழாக நிறுத்தாமலே ஐந்து சோதனைகள் செய்தோம்.

முதலாவது, கை நீளம். நிமிர்ந்து உட்கார்ந்து, இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கி, எதிரெதிர் முழங்கைகளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னோம். தோளைத் தளர்வாக வைத்திருக்கும்போது முன்கைக்கும் உச்சந்தலைக்கும் இடையே எவ்வளவு இடம் என்று பார்க்க வேண்டும். சிலருக்கு இரண்டு விரல் நுழையும். அவர்களுக்குக் கை நீளம், தலைகீழாக நிற்கும்போது தலை எட்டும்படி தலைக்கடியில் தளத்தைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டியிருக்கும். இவருக்கு முன்கை உச்சந்தலையிலேயே படிந்து அழுத்தியது. தோள்களைக் காதுவரை தூக்கிய பிறகே ஒரு விரல் அளவு இடைவெளி தெரிந்தது. தலையும் கழுத்தும் சேர்ந்த நீளத்துக்கு அவருடைய மேல்கை குட்டை. இது குறைபாடல்ல, உடலமைப்பு. ஆனால் சமதளத்தில் சிரசாசனம் செய்தால், கை தாங்கத் தொடங்கும் முன்பே தலை தரையில் குத்திவிடும்.

தலையணையின் விடை இங்கேயே கிடைத்துவிட்டது. முன்கை தரையில், தலை மட்டும் ஐந்து செ.மீ. உயரத்தில். ஏற்கெனவே எட்டாத கை இன்னும் ஐந்து செ.மீ. குட்டையானது போல. தலையணை மென்மையைக் கொடுத்தது, கூடவே கையின் வேலையைப் பறித்துக் கழுத்திடம் கொடுத்தது. அமுங்கி ஆடும் பஞ்சில் கழுத்தின் சிறு தசைகள் நிலையைத் தேடித் தேடிக் களைத்தது அதற்கு மேல்.

இரண்டாவது, தோள். சுவரில் முதுகையும் இடுப்பையும் சாய்த்து நின்று, கீழ்விலா முன்னால் பிதுங்காமல் கைகளை மேலே தூக்கச் சொன்னோம். கட்டை விரல்கள் சுவரைத் தொட இன்னும் ஒரு சாண் இருந்தது. மேசை வேலை செய்பவர்களிடம் இது சாதாரணம். தோள் முழுதாகத் திறக்காவிட்டால் தலைகீழாக நிற்கும்போது கீழ்முதுகு வளைந்து ஈடுகட்டும். உடல் வாழைப்பழம் போல வளையும்.

மூன்றாவது, முன்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலைப் பலகை போல நேராக நிறுத்தும் முன்கைப் பலகை நிலை. 25 விநாடியில் தோள்பட்டைகள் நடுவில் குழிந்தன. நான்காவது, தொடைப் பின்தசை. உள்ளங்கைகளையும் பாதங்களையும் ஊன்றி இடுப்பை மேலே தூக்கும் அதோமுக ஸ்வானாசனத்தில் முட்டியை மடக்காமல் இடுப்பை உயர்த்த முடியவில்லை. இதனால்தான் காலை நடத்தி உள்ளே கொண்டுவர முடியாமல் வீச வேண்டியிருந்தது. எப்போதும் வலக்காலையே வீசியதால் எழும்பும் ஒவ்வொரு முறையும் எடை ஒரு பக்கமாகச் சுழன்று விழுந்தது. வலப்பக்க வலிக்கு இதுவும் ஒரு காரணம் என்பது எங்கள் கணிப்பு.

ஐந்தாவது, தலை வைக்கும் இடம். இரு புருவங்களுக்கிடையே மூக்கு தொடங்கும் இடத்தில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து விரல்களைத் தலைமேல் நீட்டினால், நடுவிரல் நுனி படுமிடம் ஏறக்குறைய உச்சி. அவர் வைத்துக்கொண்டிருந்தது அதற்கும் மூன்று விரல் பின்னால். தாடை உள்ளே மடங்கி, கழுத்தின் வளைவு போயே போயிருந்தது.

தலை தரை தொடாத ஆறு வாரம்

முதல் ஆறு வாரம் தலையில் எடையே இல்லை. அவருக்கு இது ஏமாற்றம். ஏற்கெனவே ஏறி நின்றவரைத் தரைக்கு இறக்கினால் அப்படித்தான் இருக்கும். ஆனால் தோள் தாங்கப் பழகும் முன் தலையை வைத்தால், உடல் எளிய வழியைத் தேடித் தலைமேல்தான் சாயும். பிறகு அந்தப் பழக்கத்தை எடுப்பது கற்பதைவிடக் கடினம்.

வாரம் நான்கு நாள், நாளுக்கு இருபது நிமிடம். சுவரோரம் கை தூக்குதல் பத்து முறை. முன்கைப் பலகை நிலை 30 விநாடி, மூன்று தடவை. மல்லாந்து படுத்து, பாதத்தில் பட்டை போட்டுக் காலை நேராக உயர்த்திப் பிடித்தல், பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம். கால்களை அகட்டிக் குனியும் பிரசாரித பாதோத்தானாசனத்தில் தலையைக் கட்டைமேல் எடையின்றிச் சாய்த்து ஒரு நிமிடம். தலை கீழே இருப்பதற்குக் கண்ணும் காதும் பழக.

முக்கியமானது டால்ஃபின் நிலை. முட்டி போட்டு முன்கைகளைத் தரையில் வைத்து, எதிரெதிர் முழங்கைகளைப் பிடித்து அகலத்தை அளந்துகொள்ள வேண்டும்: தோளகலம், அதற்குமேல் ஒரு விரல்கூட வேண்டாம். பிறகு முழங்கைகளை அசைக்காமல் கைகளை முன்னே கொண்டுவந்து விரல்களைக் கோக்க வேண்டும். அடியில் வரும் சுண்டுவிரலை உள்ளே மடித்துக்கொண்டால் நசுங்காது. மணிக்கட்டு செங்குத்தாக, சுண்டுவிரல் பக்க எலும்பு தரையில். முழங்கை வெளியே நழுவாமலிருக்க, மேல்கையில் முழங்கைக்குச் சற்று மேலே ஒரு பட்டை. இடுப்பைத் தூக்கி, தலை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்க, ஐந்து மூச்சு. இப்படி ஐந்து முறை.

இங்கே ஒரு சிக்கலை விரிவாகச் சொல்ல வேண்டும். "தோளைக் காதிலிருந்து விலக்குங்கள்" என்ற கட்டளையை அவர் பல காணொளிகளில் கேட்டிருக்கிறார். நிற்கும் ஆசனங்களில் பழகியபடி, தோள்பட்டை எலும்பை முதுகின் கீழ்நோக்கி இழுத்தார். தலைகீழ் நிலையில் அப்படி இழுத்தால் என்ன ஆகும்? தரையில் ஊன்றிய மேல்கை அசையாது. உடற்பகுதிதான் தோள்களுக்கிடையே கீழே அமிழும், கழுத்து தலைமேல் இறங்கும். கை நீளச் சோதனையை நினைவுபடுத்திக்கொண்டால் விளங்கும்: தோளைக் காதுவரை தூக்கியபோதுதான் முன்கைக்கும் தலைக்கும் இடைவெளி பிறந்தது. தலைகீழாகவும் அதே இயக்கம்தான் தலைக்கு இடம் தருகிறது. இந்தக் கட்டளையை வேறு பொருளில் சொல்லி நன்றாகவே கற்பிக்கும் ஆசிரியர்கள் உண்டு. தோள் சரிந்து காதை மூடும் மாணவரிடம் "மேலே விலக்கு" என்று சொல்வதில் தவறில்லை. இவருக்கு அந்த வாசகத்தை முற்றிலும் விட்டுவிட்டு, "முன்கையால் தரையைத் தள்ளுங்க, தலை லேசாகும் வரைக்கும் தள்ளுங்க" என்று மட்டும் சொன்னோம். இரண்டு வாரத்தில் பலகை நிலையின் குழிவு போயிற்று.

ஆறாம் வார முடிவில் பலகை நிலை 60 விநாடி, டால்ஃபின் எட்டு மூச்சு நின்றது. சுவருக்கும் கட்டை விரலுக்குமான இடைவெளி நான்கு விரலாகக் குறைந்திருந்தது. முழுதாக மூடவில்லை.

தலையை வைத்த பிறகு

ஏழாம் வாரம் தலை தரைக்கு வந்தது. அதற்கான தளம்தான் இந்த நிகழ்வில் செய்த ஒரே பெரிய மாற்றம். கெட்டியான கம்பளியை 10 முதல் 12 செ.மீ. அகலமும் 40 செ.மீ. நீளமும் 3 செ.மீ. உயரமும் உள்ள பட்டையாக மடித்து, நழுவாத விரிப்புத் துண்டால் சுற்றிக்கொண்டோம். இப்படி இரண்டு. அவற்றை, இரு கைகளும் கும்பிடக் குவிவது போன்ற கோணத்தில் தரையில் வைத்து, முனைகள் ஒன்றையொன்று தொடும்படி, ஒன்றின்மேல் ஒன்று ஏறாதபடி சேர்த்தோம். முன்கைகளும் கோத்த கைகளும் பட்டைகளின் மேல். தலை நடுவே, விரிப்பின்மேல், ஒரே மடிப்புத் துணியில். ஆக முன்கை தலையைவிட இரண்டரை செ.மீ. அளவு உயரம்.

இந்த அளவு எல்லோருக்கும் பொருந்தாது. கை நீளமானவருக்கு இதையே செய்தால் தலை அந்தரத்தில் தொங்கி, நிலை தடுமாறும். உடல் விகிதம் இயல்பாக இருப்பவர்களுக்கு ஒரே கம்பளியை மூன்று நான்காக மடித்து, தலையும் முன்கையும் அதன்மேலேயே சமமாக இருக்க வைத்தால் போதும். எந்த நிலையிலும் தலைக்கு மட்டும் தனியாக மெத்தை கூடாது, கை நீளமானவரைத் தவிர.

பின்தலை உள்ளங்கைகளைத் தொட்டிருக்க வேண்டும், கைகளின்மேல் ஏறி உட்காரக் கூடாது. கொண்டை, கிளிப் எல்லாம் கழற்றிவிட வேண்டும். சிறிய கிளிப்பே உச்சியை ஒரு பக்கமாகச் சாய்த்துவிடும்.

பிறகு தாள் சோதனை. உச்சந்தலைக்கடியில் ஒரு வெற்றுத்தாளை நுழைத்துவிட்டு, இடுப்பைத் தூக்கி, பாதங்களை உள்நோக்கி நடத்தச் சொல்வோம். பாதங்கள் தரையில் இருக்கும் இந்த ஆயத்த நிலையில், முன்கை உண்மையாகவே தள்ளினால், அருகில் இருப்பவர் தாளைக் கிழியாமல் உருவி எடுக்க முடியும். தோள் தளர்ந்த நொடியில் தாள் இறுகிவிடும். எடைக் கருவி வைத்து அளந்தால் என்ன என்று தோன்றும். ஆனால் கைகளுக்கு நடுவே அது அடங்காது, கைகளின் எடையும் அதன்மேல் விழுந்து எண்ணைப் பொய்யாக்கும். தாள் எண் தராது, ஆனால் பொய் சொல்லாது. முதல் நாள் பட்டைகள் இல்லாமல் தாள் அசையவே இல்லை. பட்டைகள் வைத்த அதே நாளில் மூன்றாம் மூச்சில் உருவி வந்தது.

அடுத்து, பாதங்களை உயர்த்துதல். 45 செ.மீ. உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டி வைத்து, அதற்கு முதுகு காட்டி முட்டி போட்டு, முக்கோணத்தை அமைத்து, கால்விரல்களை ஒவ்வொன்றாக இருக்கையில் ஏற்ற வேண்டும். இடுப்பு தோளுக்கு நேர்மேலே வந்துவிடும், வீச வேண்டிய தேவையே இல்லை. தொடைப் பின்தசை இறுக்கமானவர்களுக்கு இதைவிட நல்ல படி கிடையாது. ஐந்து மூச்சு, இரண்டு முறை. அதன்பின் சுவரில் பாதம் ஊன்றும் 'ட' வடிவ நிலை. தரையில் கால் நீட்டி, குதிகால் சுவரைத் தொட உட்கார்ந்தால் பிட்டம் இருக்கும் இடத்தில் ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளலாம், முழங்கைகள் அங்கே. பாதங்கள் சுவரில் இடுப்பு உயரத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் முதுகு வளைந்து எடை தலைக்கு நகரும்.

ஒன்பதாம் வாரத்தில் திரும்பிய வலி

எல்லாம் சீராகப் போய்க்கொண்டிருந்த ஒன்பதாம் வாரத்தில், 'ட' நிலை செய்த மறுநாள் காலை பிடரியில் பழைய வலி. முன்பைவிட லேசு, ஆனால் அதே இடம்.

அன்றைய பயிற்சியைத் திரும்ப அடுக்கிப் பார்த்தோம். வழுவழுப்பான முழுக்கைச் சட்டை. டால்ஃபின் எட்டு முறை, வழக்கத்தைவிட மூன்று கூடுதல், அதன் பிறகே தலை வைத்தது. அவர் இலக்கு பத்து மூச்சு. அதே சட்டையோடு, டால்ஃபின் இல்லாமல், பாதங்கள் தரையில் இருக்கும் ஆயத்த நிலையில் தாள் சோதனை செய்தபோது ஐந்தாம் மூச்சில் முழங்கைகள் இரு விரல் அகன்றிருந்தன, ஆறாம் மூச்சில் தாள் இறுகியது. முழங்கை அகன்றால் மேல்கை சாயும்; சாய்ந்த தூண் உயரம் குறையும்; குறைந்த உயரத்தை யார் நிரப்புவது? கழுத்து. அன்று பத்து மூச்சில் கடைசி நான்கையாவது அவர் தலையால் தாங்கியிருக்கிறார். தோள் களைத்திருந்ததால் அது அவருக்கே தெரியவில்லை.

மூன்று மாற்றங்கள். அரைக்கைச் சட்டை. தலை வைக்கும் ஆசனம் பயிற்சியின் நடுப்பகுதியில், தோள் சூடேறிய பின், ஆனால் களைக்கும் முன். நேர இலக்கை எடுத்துவிட்டு, "தள்ளுதல் தளர்ந்தால் அந்த மூச்சிலேயே இறக்கம்" என்ற விதி. கடைசியானதுதான் பலன் கொடுத்தது. கடிகாரம் பார்த்து நிற்பவர்களிடம் கழுத்துவலி வருவதற்கு இந்த ஒரு காரணமே போதும் என்று நினைக்கிறோம். ஒரு வாரம் தலை வைக்காமல் ஓய்வு கொடுத்தோம். பத்தாம் வாரத்துக்குப் பிறகு வலி வரவில்லை.

சுவரோரம்

பன்னிரண்டாம் வாரம் சுவரைப் பார்த்து முட்டி போட்டு முக்கோணத்தை அமைக்கச் சொன்னோம். கோத்த விரல்களின் கணுவுக்கும் சுவருக்கும் இடையே 5 முதல் 8 செ.மீ. முன்பு அவர் ஒரு முழம் தள்ளி வைத்திருந்தார். அப்படி வைத்தால் குதிகால் சுவரைத் தேடிப் பின்னால் போகும், கீழ்முதுகு வளையும். சுவர் இருந்தும் நேராக நிற்கவே கற்க முடியாது.

ஏறும் வரிசை இது. பாதங்களை நடத்தி, இடுப்பு தோளுக்கு நேர்மேலே வரும்வரை உள்ளே கொண்டுவருதல். அவருக்கு நாற்காலிக்குப் பதில் பாதத்தடியில் இரண்டு கட்டைகள் தேவைப்பட்டன. ஒரு முட்டியை நெஞ்சோடு மடக்கி, மற்ற பாதத்தின் விரல் நுனியில் எடை மிச்சமில்லாமல் போவதைக் கவனித்தல். அது தானாக லேசாகும்போது இரண்டாவது முட்டியும் மடங்கும். தள்ளிக் குதித்தால் இடுப்பு இன்னும் வரவில்லை என்று பொருள். இரு முட்டிகளும் நெஞ்சருகே, குதிகால் பிட்டத்தருகே, மூன்று மூச்சு. இந்தச் சுருண்ட நிலையில் நிற்க முடியாதவர் காலை நீட்டவே கூடாது. நீட்டிய காலின் கனம் எங்கே இழுக்கும் என்று கட்டுப்படுத்தும் வலிமை இங்கேதான் உருவாகிறது. பிறகு முட்டிகள் மேலே, கடைசியில் கால்கள் நேராக. வாரத்துக்கு ஒரு படி மட்டும். சுருண்ட நிலையிலேயே அவர் இரண்டு வாரம் நின்றார், அவசரப்படவில்லை.

மேலே போன பிறகு கவனம் திரும்பவும் கீழேதான்: முன்கை தள்ளுகிறதா, இரு முழங்கைகளிலும் சம எடையா, மணிக்கட்டு வெளிப்பக்கம் உருள்கிறதா. மூச்சு மூக்கு வழியாக, தடையின்றி. மூச்சை அடக்கினால் தலையிலும் கண்ணிலும் அழுத்தம் தேவையின்றி ஏறும். தொடைகளை ஒன்றோடொன்று சேர்த்து இறுக்கி, குதிகாலை விட்டத்தை நோக்கி நீட்டினால் கீழ்முதுகின் வளைவு தானே குறையும். கண்ணில் பொட்டுப் பொட்டாகத் தெரிதல், காதடைப்பு, விரல்களில் மதமதப்பு, கழுத்தில் குத்தல்: இவற்றில் எது வந்தாலும் உடனே இறங்க வேண்டும்.

இறங்குவது ஏறியதன் தலைகீழ் வரிசை, அதே மெதுவில். சோர்ந்துபோய்க் கால்களைத் தொப்பென்று போடும் இடத்தில்தான் கழுத்துக்கு அடி விழுகிறது. ஏறுவதற்கு வேண்டிய வலிமையில் பாதியையாவது இறங்குவதற்கு மிச்சம் வைத்திருக்க வேண்டும். இறங்கியதும், முட்டிகளை மடக்கிக் குனிந்து அமரும் பாலாசனத்தில் நெற்றி தரையில் படிய ஒரு நிமிடம். உடனே எழுந்து நின்றால் இரத்தம் சட்டென்று கீழிறங்கித் தலைசுற்றும். அதன்பின், தோள்களுக்கடியில் கம்பளிகள் அடுக்கி, தோள்களில் நின்று கால்களை மேலே உயர்த்தும் சர்வாங்காசனம். சிரசாசனத்துக்குப் பிறகு சர்வாங்காசனம் என்ற மரபு வரிசை இவருக்குப் பிடரித் தசைகளைத் தளர்த்துவதில் உதவியது.

சுவர் இல்லாமல் நடு அறையில் செய்வதற்கு வேண்டிய உருளல் இன்னும் கற்பிக்கப்படவில்லை. பின்பக்கம் சாயும்போது விரல்களை விடுவித்து, தாடையை மடக்கி, முட்டிகளைச் சுருட்டி, முதுகு வட்டமாக உருண்டு வர வேண்டும். கோத்த விரல்களோடு விழுவதுதான் ஆபத்து. கழுத்துவலி வரலாறு உள்ளவருக்கு அந்தப் பயிற்சியே ஒரு சுமை என்பதால் சுவரோடு நிறுத்திக்கொண்டோம்.

இருபதாம் வாரத்தில்

ஐந்து மூச்சில் தொடங்கியது பதினாறாம் வாரத்தில் ஒரு நிமிடமாகவும், இருபதாம் வாரத்தில் இரண்டு நிமிடமாகவும் ஆனது. ஒரு குதிகால் எப்போதும் சுவரை விட்டு நிற்கிறது, இரண்டும் விட்டு நிற்பது நான்கைந்து மூச்சுவரை. இரண்டு நிமிடத்துக்கு மேல் இப்போதைக்குக் கூட்டவில்லை. வாரம் மூன்று நாள் மட்டும் தலை வைக்கிறார். மற்ற நாட்களில் இரண்டு நாற்காலிகளைச் சுவரோரம் எதிரெதிரே வைத்து, இருக்கைகளில் கம்பளி அடுக்கி, தோள்கள் இருக்கைகளில் தாங்க, தலை நடுவே தொங்கும் வகையைச் செய்கிறார். தலைகீழ் நிலையின் ஓய்வு முழுதும் கிடைக்கும், கழுத்தில் துளி எடை இல்லை. வட்டுக் கோளாறு உள்ளவர்களுக்கும் மருத்துவர் ஒப்புக்கொண்டால் இதுதான் வழி. சிலருக்கு வாழ்நாள் முழுதும் இதுவே போதும் என்பதையும் தயக்கமின்றிச் சொல்கிறோம்.

முன்கைப் பட்டைகள் 3 செ.மீ.யிலேயே இருக்கின்றன. தோள் இன்னும் திறந்தால் உயரத்தைக் குறைக்கலாமா என்று அவர் கேட்டார். தோள் திறக்கலாம், மேல்கை நீளாது, பட்டைகள் நிரந்தரம்.

தீராதது ஒன்று உண்டு. ஒரு நிமிடம் தாண்டியதும் வலது மணிக்கட்டு வெளிப்பக்கம் உருளத் தொடங்குகிறது, பின்னாலேயே வலத்தோள் அரை விரல் இறங்குகிறது. விரல் கோக்கும் விதத்தை மாற்றி, வழக்கமாக மேலே வரும் வலது ஆள்காட்டி விரலுக்குப் பதில் இடது மேலே வரும்படி கோத்தால் உருளல் பத்து, பதினைந்து விநாடி தள்ளிப்போகிறது. இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றிக் கோக்கிறார். வலது முன்கைப் பலகை நிலையைப் பக்கவாட்டில் தனியாக 30 விநாடி வீதம் மூன்று முறை சேர்த்திருக்கிறோம். அடுத்த தாள் சோதனை இருபத்துநான்காம் வாரத்தில்.